பேரிளம்பெண்ணுக்குப் பின்

உலாப் பிரபந்தம் பாடிய நம் புலவர்கள் பெண்ணின் வாழ்வை ஏழு பருவங்களாகப் பகுத்து, ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பெயரையும் வயதெல்லையையும் வகுத்து வைத்தார்கள். ஐந்து வயதில் பேதையாகத் தொடங்குகிறவள் பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை என்று வளர்ந்து, 32 வயதில் பேரிளம்பெண் ஆகிறாள். 40 வயதோடு அந்தப் பருவமும் நிறைவு பெறுகிறது. அதற்கப்பால் அவளைக் குறிக்க அந்த வரிசையில் ஒரு சொல்லும் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் விக்கிரம சோழனையும், அவன் மகனையும், பேரனையும் மூன்று தலைமுறையாக வீதியுலா வரச்செய்து பாடினார். அந்த மூன்று உலாக்களிலும் சாளரத்தண்டை நின்று மன்னனைக் காணும் மகளிர் கூட்டம் பேரிளம்பெண்ணோடு முடிந்துவிடுகிறது. பிரபந்தங்களுக்கு இலக்கணம் வகுத்த பாட்டியல் நூலார் ஆடவர்க்கும் பருவங்கள் வகுத்தார்கள் என்பதையும், அவர்களுடைய கடைசிப் பருவமாகிய முதுமகன் என்பதற்கு மேலெல்லை வைக்காமல் விட்டார்கள் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கையில், இந்த மௌனம் தற்செயலானது என்று எனக்குத் தோன்றவில்லை.

புலவர்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. உலா காதலைப் பாடும் பிரபந்தம்; காதலுக்குரியதென அவர்கள் கருதிய வயதோடு கணக்கை முடித்தார்கள். மேலும், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட இந்தியாவில் பிறந்த ஒரு குழந்தைக்கு எதிர்பார்க்கத்தக்க ஆயுள் சராசரியாக 30 ஆண்டுகளை எட்டவில்லை. ஆயினும் அந்தச் சராசரியைக் கீழே இழுத்தவை பெரும்பாலும் சிசு மரணங்களே ஆதலால், பிள்ளைப் பருவத்தையும் பிரசவங்களையும் தப்பிப் பிழைத்து நாற்பதைக் கடந்த ஸ்திரீகள் எல்லாக் காலத்திலும் எல்லா ஊரிலும் இருந்தே வந்திருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் என்பதே என் கேள்வி.

சங்க காலம் அவர்களுக்கு ஓர் இடம் வைத்திருந்தது. முல்லைப்பாட்டிலே, போர்மேற் சென்ற தலைவன் மீள்வானா என்று தலைவி கலங்கியிருக்க, முதிய பெண்டிர் நாழி நெல்லும் மலரும் கொண்டு ஊர்ப்புறத்தே சென்று, தெய்வத்தைத் தொழுது, காதில் விழும் நற்சொல்லுக்காகக் காத்து நிற்கிறார்கள். அகப்பாடல்களில் வரும் செவிலித்தாயும், கட்டுப் பார்த்துக் குறி சொல்லும் கட்டுவிச்சியும் வயதின் காரணமாகவே மதிக்கப்பட்டவர்கள். வயது அங்கே ஒரு தகுதி. உலாப் புலவர்களின் கணக்கில் அதுவே ஒரு முற்றுப்புள்ளி ஆகிவிட்டது.

இவ்விரண்டுக்கும் நடுவே இரண்டு மாதரசிகளின் சரித்திரம் நம்மை நிறுத்திச் சிந்திக்க வைக்கிறது. மணம் பேச வந்தவர்களைத் தவிர்க்கும் பொருட்டுப் பிள்ளையாரை வேண்டி இளமையிலேயே கிழவடிவம் பெற்றாள் ஔவை என்பது நாட்டில் வழங்கும் கதை. கணவனால் துறக்கப்பட்ட புனிதவதியார் உடலின் ஊனையும் வனப்பையும் உதறிப் பேய்வடிவம் வேண்டிப் பெற்றுக் காரைக்கால் அம்மையாராக நடந்தார் என்பது பெரிய புராணம் கூறுவது. ஒருத்தி கிழவியானாள், மற்றொருத்தி பேயானாள். அதன் பின்னரே முன்னவள் மன்னர் அவையில் தயங்காமல் பேசவும், பின்னவர் தனியாகக் கயிலை நோக்கிப் பிரயாணம் செய்யவும் முடிந்தது. இளமையைக் கொடுத்துத்தான் பாதையை வாங்க வேண்டியிருந்தது என்று இந்தக் கதைகளைக் கட்டிய சமூகமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

கதைக்கு வெளியே, கிராமத்தில், அந்தப் பாதை மருத்துவச்சிக்குத் திறந்திருந்தது. பெரும்பாலும் நாவிதர் குலத்தைச் சேர்ந்த அந்த மூதாட்டி, தானும் பல பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவளாய், நள்ளிரவில் அழைத்தாலும் கைவிளக்கோடு எழுந்து செல்வாள். ஓர் இளம்பெண் அந்நேரத்தில் வாயிற்படியைத் தாண்டியிருக்க இயலாது. கூலி என்று கிடைத்தது சில படி நெல்லும், வெற்றிலை பாக்கும், நல்ல வீடாயின் ஒரு சேலையும். எழும்பூரில் 1844-ஆம் ஆண்டிலேயே பிரசவ ஆஸ்பத்திரி தோன்றிவிட்டபோதிலும், நாட்டுப்புறத்தில் அவளுடைய கைதான் வெகுகாலம் நம் முன்னோரை இவ்வுலகில் ஏந்திக்கொண்டது. அத்தனை வீடுகளில் உயிர் காத்தவளை அந்த வீடுகள் திண்ணைக்கு அப்பாலேயே நிறுத்தின என்பதை வேதனையோடு சொல்லத்தான் வேண்டும்.

உயர்குலமெனப்பட்ட வீடுகளிலோ நிலைமை வேறு வகையில் கொடியது. அங்கே கணவனை இழந்தவள் எந்த வயதினளாயினும் அந்த நாளிலேயே கிழவியாக்கப்பட்டாள். பதினோரு வயதில் மணமாகிச் சிறிது காலத்துக்குள் வைதவ்யம் அடைந்த, பின்னாளில் 'சகோதரி' என்று அழைக்கப்பட்ட சுப்புலட்சுமி, தந்தையின் உறுதியால் படித்து, 1911-இல் சென்னை ராஜதானியின் முதல் ஹிந்து பெண் பட்டதாரியானார் என்பதும், தம்மைப் போன்ற பால்ய விதவைகளுக்காக எழும்பூரில் ஓர் இல்லம் தொடங்கினார் என்பதும், அந்த இல்லம் பின்னர் திருவல்லிக்கேணிக் கடற்கரையில், ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்குப் பெயர்ந்தது என்பதும் பலரும் அறிந்த சரித்திரம். நான் இங்கே நினைவூட்ட விரும்புவது அவருடைய சித்தி வாலாம்பாளை. பிள்ளையில்லாத விதவையாகிய அந்த அம்மாள், வழக்கப்படியாயின் ஏதோ ஒரு உறவினர் வீட்டுச் சமையலறையில் ஒடுங்கிக் காலத்தைக் கழித்திருக்க வேண்டியவர். சுப்புலட்சுமிக்குத் துணையாக வந்து, நான்கு சிறுமிகளோடு தொடங்கிய அந்தக் குடும்பத்தை அவர் நடத்தினார். வீட்டு வேலையே அவருக்குத் தெரிந்த கலை. அதையே, ஆளுக்கொரு துக்கத்தோடு வந்து சேர்ந்த குழந்தைகளுக்காகச் செய்தபோது அது ஒரு ஸ்தாபனத்தின் அஸ்திவாரமாயிற்று. கல்லூரிப் பட்டம் சகோதரியைத் தந்தது. சித்தி இல்லாவிடில் இல்லம் நின்றிராது என்பது என் துணிபு.

சுப்புலட்சுமியும் தம் உத்தியோக வாழ்வு முடிந்ததும் ஓய்ந்து உட்காரவில்லை. 1942-இல், ஐம்பத்தைந்து வயதைக் கடந்த நிலையில், வயது வந்த பெண்கள் படிப்பதற்கென்றே ஸ்ரீவித்யா கலாநிலையத்தை நிறுவினார். சிறுமிகளுக்குப் பள்ளி வைப்பது அதற்குள் புதுமையாயிராமற் போயிருந்தது. குடும்பம் நடத்திக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு விட்டுப்போன பாடத்தை எங்கே தொடங்குவது என்று கேட்டு உட்கார வைத்ததே புதுமை.

இனி, 1938-ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் தேதிக்கு வருகிறேன். கட்டாய ஹிந்திக் கல்வியை எதிர்த்துத் திருச்சி உறையூரிலிருந்து சென்னைக்குக் கால்நடையாகப் புறப்பட்ட தமிழர் பெரும்படையில் ஏறத்தாழ நூறு ஆடவர். ஒரே ஒரு பெண். அந்தப் பெண்மணி 1883-இல் பிறந்த மூவலூர் இராமாமிருதம் அம்மையார். அப்போது அவருக்கு வயது 55. செப்டம்பர் 11-இல் படை சென்னை சேரும் வரை 42 நாள் அவரும் கூடவே நடந்தார். நவம்பரில் மறியல் செய்து சிறைக்கும் சென்றார். கயிலைக்கு நடந்த அம்மையார் பேயுருக் கொள்ள வேண்டியிருந்தது. இந்த அம்மையார் தம் சொந்த முகத்தோடும் சொந்தப் பெயரோடும் ஊர் ஊராக நடந்து, மேடைதோறும் பேசினார். இசைவேளாளர் குலத்தில் வளர்ந்து, பெண்களைக் கோயிலுக்குத் தாசியாக்கும் பொட்டுக் கட்டும் வழக்கத்தின் வாயிலருகே நின்று, அதை மறுத்து மணவாழ்வை ஏற்றவர் அவர். அந்தப் பழைய காயத்தை மறவாமல் 1936-இல், ஐம்பத்து மூன்றாம் வயதில், 'தாசிகளின் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவலை வெளியிட்டார். பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் நிறைவேறியபோது அவருக்கு 64 வயதாகியிருந்தது.

அந்தச் சட்டத்துக்காகச் சட்டசபையில் முதலில் குரல் எழுப்பிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் சுப்புலட்சுமி பிறந்த அதே 1886-இல் பிறந்தவர். மருத்துவர், சட்டசபையின் துணைத்தலைவர், அவ்வை இல்லத்தின் தாய் என்ற சிறப்புகளெல்லாம் அவருக்கு முன்னரே வாய்த்துவிட்டன. எனினும் புற்றுநோயால் தம் தங்கையை இழந்த துயரம், பல ஆண்டுகள் அவர் நெஞ்சில் அணையாமலிருந்தது. அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனைக்கு 1952-இல் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் 12 படுக்கைகளோடு அது திறக்கப்பட்டபோது அம்மையாருக்கு வயது 67. மற்றவர்கள் தீர்த்தயாத்திரைக்கு நாள் பார்க்கும் வயதில், கதிர்வீச்சுச் சிகிச்சைக்குரிய ஸ்தாபனத்துக்காக நிதி திரட்டிக்கொண்டிருந்தார்.

இவர்களுள் எவரும் நாற்பதுக்குப் பின் புதிதாக ஒரு லட்சியத்தை எங்கிருந்தோ தேடிக் கண்டெடுக்கவில்லை என்பதே இச்சரித்திரங்களைப் படிக்கையில் என் மனத்தில் தங்குகிறது. பதினோரு வயதில் விழுந்த அடி, பொட்டுக் கட்டாமல் தப்பிய கழுத்து, தங்கையின் மரணப் படுக்கை ஆகிய இவையெல்லாம் உள்ளே பத்திரமாகக் கிடந்தன. பிள்ளைகளும் கடமைகளும் உத்தியோகமும் கையைச் சற்றே விடுவித்த வேளையில், அவற்றை எடுத்து உலகத்தின் காரியமாக மாற்ற அவர்களுக்கு அவகாசம் கிடைத்தது. அந்த அவகாசத்தைத்தான் பாட்டியல் நூலார் பெயரிடாமல் விட்டார்கள்.

வாலாம்பாள் போன்றோரைப் பற்றி நாம் அறிவது மிகச் சொற்பம். சகோதரியின் சரித்திரத்தின் ஓரத்தில் அவர் வந்து போகிறார். நாற்பதுக்கு மேல் தையல் மிஷின் வாங்கிக் குடும்பத்தை நிறுத்தியவள், ஐம்பதில் எழுதப் படிக்கக் கற்றவள், அறுபதில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் என்று ஒருத்தியாவது இல்லாத குடும்பம் தமிழ்நாட்டில் இராது. வாசகர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: அவள் உயிரோடு இருந்தால் இன்றே அருகில் உட்கார்ந்து கேளுங்கள், எந்த வயதில், எதற்காகத் தொடங்கினாள் என்பதை அவள் சொல்கிறபடியே, அவளுடைய முழுப் பெயரோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.