வாசிகளே ஆளும் இல்லம்

குடியை விட்டவனுக்குச் சிகிச்சை பெறும் நாட்களைவிட, அது முடிந்து வெளியே வரும் நாளே கடினமானது. பழைய தெருவும் பழைய சகவாசமும் அவனுக்காகக் காத்திருக்கின்றன. இவ்விடைக்காலத்தில் தங்குவதற்கென அமெரிக்காவில் ஏற்பட்ட விடுதிகள் பலவற்றில், சம்பளம் பெறும் மேற்பார்வையாளர் ஒருவரும், குறித்த தவணை கழிந்ததும் வெளியேறியே தீரவேண்டும் என்ற விதியும் இருந்தன.

1975இல் மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங்கில் அத்தகைய அரசாங்க விடுதியொன்று மூடப்படவிருந்தபோது, தவணை முடிந்து வெளியேறிய தோழர்களிற் பெரும்பாலோர் மீண்டும் குடியில் வீழ்ந்ததைக் கண்ணாரக் கண்டிருந்த அவ்விடுதிவாசிகள், செனட் சபைக் குழுவொன்றில் வழக்கறிஞராயிருந்த பால் மொலாய் என்பவரை முன்னிறுத்தி, அவ்வீட்டைத் தாமே வாடகைக்கு எடுத்து, ஆக்ஸ்போர்டு இல்லம் என்று பெயரிட்டனர். அவர்கள் வகுத்த நியமங்கள் மூன்றே: வாசிகளே வாக்களித்து நிர்வகிப்பது; செலவனைத்தையும் தாமே பகிர்ந்துகொள்வது; மீண்டும் குடித்தவனை உடனே வெளியேற்றுவது. குடியாமலும் பங்கைச் செலுத்தியும் வருகிறவன் எத்தனை ஆண்டுகளும் தங்கலாம். நேற்றுவரை தன் சம்பளத்தையே காப்பாற்றத் தெரியாதவன் கையில் வீட்டின் பொக்கிஷத்தை ஒப்படைத்த அத்துணிவே இவ்வேற்பாட்டின் உயிர்நாடி என்பது என் துணிபு.

1988ஆம் ஆண்டுச் சட்டத்தால், இத்தகைய வீடு தொடங்குவோர்க்கு 4,000 டாலர் வரை கடனளிக்க மாநிலந்தோறும் 1,00,000 டாலர் சுழல்நிதி ஏற்பட்டது. உறவினரல்லாதார் ஐவருக்குமேல் சேர்ந்து வசிக்கலாகாது என்று எட்மண்ட்ஸ் நகராட்சி தடுத்த வழக்கிலும், 1995இல் உச்ச நீதிமன்றம் இல்லத்தாரின் பக்கமே நின்றது. இல்லினாய் மாநிலத்தில் சிகிச்சை முடித்த 150 பேரை இரு பிரிவாக்கி ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவின்படி, ஈராண்டுக்குப் பின் மீண்டும் போதையை நாடியோர் இல்லங்களுக்கு அனுப்பப்பட்டவருள் நூற்றுக்கு 31. வழக்கமான பின்சிகிச்சைக்குச் சென்றவருள் 65.

பிற்காலத்தில் புளோரிடாவில், ஆளுக்கு இவ்வளவு என்று தரகு வாங்கிக்கொண்டு வாசிகளைச் சிகிச்சை நிலையங்களுக்கு அனுப்பும் விடுதிகளும் முளைத்தன. 2018இல் மத்திய அரசாங்கமே அத்தரகைக் குற்றமாக்கியது. ஆதலின் தம் மகனுக்கோ சகோதரனுக்கோ இல்லம் தேடுவோர், கட்டடத்தின் வனப்பில் மயங்காமல், கணக்குப் புத்தகத்தை எழுதுவது யார், ஒருவன் குடித்துவிட்டு வந்தால் அன்றிரவே தீர்மானிப்பது யார், வாசி ஒருவன் தங்குவதால் வேறெவருக்கேனும் பணம் கிடைக்கிறதா என்பவற்றை, அங்கு நெடுநாள் வசிப்பவரிடமே நேரில் கேட்டறிய வேண்டும்.