அவசரகால ஒத்திகைப் பயிற்சி

தீ, விபத்து, மாரடைப்பு போன்ற நேரங்களில் முதலில் ஓடிவரும் மீட்பாளர்களை நிஜம் போன்ற சூழலில் செயல்பட வைத்து, முடிந்ததும் நடந்தவற்றை அவர்களோடு உட்கார்ந்து அலசும் பயிற்சிமுறை.

இதன் மருத்துவக் கிளை ஒரு பொம்மையில் தொடங்குகிறது. நார்வேயின் ஸ்டாவாங்கரில் விளையாட்டுப் பொம்மைகள் செய்துவந்தவர் ஆஸ்மண்ட் லேர்டால். நீரில் மூழ்கவிருந்த தன் சிறு மகனைக் காப்பாற்றிய தகப்பன். வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கும் முறையைப் பழக ஆள் உயர உருவம் தேவைப்பட்டபோது, 1960இல் 'ரெசசி ஆன்' பொம்மையைச் செய்தார். செய்ன் நதியில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத இளம்பெண்ணின் முக அச்சே அதன் முகம். தலையைப் பின்னுக்குச் சாய்த்தால்தான் காற்று உள்ளே போய் மார்பு எழும்பும். நெஞ்சை அழுத்திப் பழகவென்று, மருத்துவர் பீட்டர் சாஃபரின் யோசனைப்படி அதனுள் சுருள்வில்லும் வைக்கப்பட்டது. எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதைக் கை தானே கற்றுக்கொண்டது.

1960களின் பிற்பகுதியில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கணினியால் இயங்கும் 'சிம் ஒன்' உருவானது. அது கண் சிமிட்டியது, மூச்சு விட்டது. விலை மிகுதியால் பரவவில்லை.

குழுவாகச் செயல்படும் பாடம் விமானத் துறையிலிருந்து வந்தது. 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில் இரு விமானங்கள் ஓடுதளத்தில் மோதி 583 பேர் இறந்தனர். எதிரே இன்னொரு விமானம் விலகவில்லையோ என்று ஒரு விமானத்தின் பொறியாளர் கேட்டிருந்தார். அவருடைய தலைமை விமானி அதைப் பொருட்படுத்தவில்லை. கீழுள்ளவர் துணிந்து பேசவும் மேலுள்ளவர் காது கொடுக்கவும் விமானக் குழுக்களுக்குக் கற்பிக்கும் முயற்சி இதையொட்டி வலுப்பெற்றது. ஸ்டான்ஃபோர்டு மயக்கவியல் மருத்துவர் டேவிட் காபா, 1986 முதல் தாம் உருவாக்கிய பாவனை நோயாளியோடு இந்தப் பாடத்தை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். ஒத்திகையைப் படம்பிடித்து, அதைப் போட்டுப் பார்த்தே குழு பேசியது.

நடந்ததை அலசும் வழக்கத்துக்கு ராணுவ வேரும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவ வரலாற்றாளர் எஸ்.எல்.ஏ. மார்ஷல், சண்டை முடிந்த வீரர்களைக் குழுவாக அமர்த்தி விசாரித்தார். பின்னாளில் பயிற்சிக் களங்களிலும் இது நிலைத்தது. இன்று நல்ல பயிற்றுநர் குறை சொல்லித் தொடங்குவதில்லை. "மூச்சுக்குழாய் வைக்க மூன்று முறை முயன்றதைப் பார்த்தேன், அப்போது உங்கள் மனத்தில் என்ன ஓடியது?" என்று கேட்கிறார். தவறுக்குப் பின்னிருந்த எண்ணம் வெளியே வருவது அப்போதுதான்.

இந்தியாவில் இத்தகைய மீட்பாளர்களின் படையாக, 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் தேசியப் பேரிடர் மீட்புப் படை அமைந்தது. அதன் 4ஆம் பட்டாலியன் அரக்கோணத்தில் உள்ளது. எந்தப் படையானாலும், ஒத்திகை முடிந்ததும் நடந்ததை அலசாமல் கலைந்துவிடும் குழு, பயிற்சியின் பாதியை விட்டுவிட்டுப் போகிறது.