பலூன் துப்பாக்கியும் கிண்டி மானும்

போன வாரம் காலேஜ் கேன்டீனில் ஒரு நண்பன் கேட்டான்: "மச்சி, மானை ஒரே குண்டுல வலி தெரியாம விழவைக்கிற மாதிரி ஏர் ரைபிள் எது நல்லது?" அவன் எங்கேயோ ஒரு வெளிநாட்டு வீடியோ பார்த்திருக்கிறான். சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் "வலி தெரியாம" என்று அவன் சொன்ன வார்த்தை வீடு வந்து சேரும்வரை மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கொடுங்கையூர் பஸ்ஸில் யோசிக்க நேரத்துக்குப் பஞ்சமே இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

நம்மில் பாதிப் பேருக்கு ஏர் கன் என்றால் தீவுத்திடல் பொருட்காட்சியில் பலூன் சுடும் கடைதான். அதனால் அது விளையாட்டுச் சாமான் என்று நினைக்கிறோம். சரித்திரம் அப்படி இல்லை. 1780 வாக்கில் ஜிரார்டோனி என்பவர் வடிவமைத்த காற்றுத் துப்பாக்கியை ஆஸ்திரிய ராணுவமே பயன்படுத்தியது. கட்டையின் பின்பகுதியே காற்றுத் தொட்டி. அதை நிரப்ப ஏறக்குறைய 1500 தடவை பம்ப் அடிக்க வேண்டும் (நம்ம தெரு அடிபம்பு எவ்வளவோ தேவலாம்!). நிரப்பிவிட்டால் புகையில்லாமல் இருபது குண்டுவரை வரிசையாகச் சுடலாம். குண்டு 11 மில்லிமீட்டருக்கும் மேல். 1803-ல் அமெரிக்காவின் மேற்கைப் பார்க்கக் கிளம்பிய லூயிஸ் ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கூடவே எடுத்துப் போனார். வழியில் சந்தித்த பழங்குடி மக்களிடம் அதைச் சுட்டுக் காட்டி அசத்துவது அவர் வழக்கம்.

ஆக, காற்றால் பெரிய குண்டையும் தள்ள முடியும். அப்புறம் மான் சாக எவ்வளவு சக்தி வேண்டும்? இங்கேதான் கதை சட்டப் புத்தகத்துக்குள் போகிறது. குண்டு குழாயை விட்டு வெளியேறும்போது அதில் இருக்கும் சக்தியை ஜூல் கணக்கில் சொல்வார்கள். (காமர்ஸ் குரூப்பில் இயற்பியல் கிடையாது. பக்கத்து வீட்டுத் தம்பியின் +1 புத்தகத்தைக் கடன் வாங்கித்தான் புரிந்துகொண்டேன்.)

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிக்கு 1963-லும் அதற்குப் பதிலாக 1991-லும் மான் சட்டம் வந்தது. 1991 சட்டப்படி மானைச் சுடும் ரைபிளுக்குக் குறைந்தது 2305 ஜூல் சக்தியும் 0.240 அங்குலக் குழாயும் இருக்க வேண்டும். அதோடு விட்டார்களா? ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் எதையும் மான் மேல் பயன்படுத்தவே கூடாது என்று தனியாக எழுதி வைத்தார்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் 2018-ல் மான் வேட்டைக்கு ஏர் கன்னை அனுமதித்தது. ஆனால் 0.30 அங்குலத்துக்குக் குறையாத குழாய், 215 அடி-பவுண்டு சக்தி, அதாவது சுமார் 290 ஜூல் வேண்டும் என்றது. நண்பன் பார்த்த வீடியோ அந்த மாதிரி இடத்தில் எடுத்ததாகத்தான் இருக்கும்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். 2016-ன் ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு மேலோ 0.177 அங்குலத்துக்கு மேலோ போனால் ஏர் கன்னுக்கும் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் கடையில் கிடைப்பது எல்லாம் அதற்குள்தான். இருபது எங்கே, 2305 எங்கே! நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். டெக்சாஸ் கணக்குக்கே பதினாலில் ஒரு பங்குதான்.

எனக்கு உறுத்திய இடம் இதுதான். உரிமம் வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு ஒரு துப்பாக்கி பலவீனமாக இருப்பதே அதை மானுக்குக் கொடூரமாக்குகிறது. மான் உடனே சாக வேண்டுமென்றால் குண்டு தோள், விலா எல்லாம் தாண்டி நெஞ்சுக்கூட்டில் இதயத்தையோ நுரையீரலையோ கிழிக்க வேண்டும். அரை கிராம் ஈயக் குண்டு தோலுக்கு அடியில் நின்றுவிடும். மான் ஓடிவிடும். அப்புறம் புண் சீழ் வைத்து எந்தப் புதரில் எத்தனை நாள் கிடக்குமோ, சுட்டவன் பார்க்கப் போவதில்லை. "வலி தெரியாம" என்பதற்கு இதைவிட நேர் எதிராக ஒன்றைச் சொல்ல முடியுமா?

நம் மாநிலத்தில் வேட்டை ஒரு காலத்தில் சட்டப்படியே நடந்தது. நீலகிரியில் வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் 1877-ல் சங்கமே வைத்தார்கள். 1879-ல் மதராஸ் அரசு நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் போட்டது. இன்ன மாதங்களில் சுடக்கூடாது என்று அறிவிக்க அது வழி செய்தது. மான் மேல் இருந்த பாசத்தால் அல்ல, அடுத்த வருஷமும் சுட மான் வேண்டுமே என்பதால்தான் என்பது என் கருத்து. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதும் உரிமம் வாங்கி வேட்டையாட இடம் இருந்தது. 1991 திருத்தம்தான் அந்தக் கதவை மூடியது. சுட்டுக் கொன்றால்தான் வேட்டை என்றும் நினைக்காதீர்கள். காயப்படுத்தினாலும், முயற்சி செய்தாலும் சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். கிண்டியில் இருக்கும் வெளிமான் முதல் அட்டவணை விலங்கு, அதைத் தொட்டால் மூன்று முதல் ஏழு வருஷம் சிறை. அந்தக் கிண்டி தேசியப் பூங்காவே ஆளுநர் மாளிகையை ஒட்டிய காடு. 1910-ல் காப்புக்காடு, 1978-ல் தேசியப் பூங்கா.

சட்டம் இருந்தும் ஏர் கன் சத்தமில்லாமல் வேலை செய்கிறது. அருணாசலப் பிரதேசத்தில் பறவைகளும் சிறு விலங்குகளும் குறைந்துகொண்டே போக, 2021 மார்ச்சில் லும்டுங் என்ற கிராமத்தில் ஏர் கன்னை ஒப்படைக்கும் இயக்கத்தை ஆரம்பித்தார்கள். காலங்காலமாக வேட்டை பழகிய மக்கள், யாரும் பிடுங்காமல் தாங்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேல் சேர்ந்தன.

இதையெல்லாம் மறுநாள் நண்பனிடம் ஒப்பித்தேன். பாதியிலேயே "சரிடா, சாமி, விடு" என்றான். அடுத்த பொருட்காட்சிக்குத் தீவுத்திடல் போகிறோம். பலூன் கடைத் துப்பாக்கியின் குழாயைக் கொஞ்சம் வளைத்துத்தான் வைத்திருப்பார்கள் என்று அவன் சத்தியம் பண்ணுகிறான். தோற்கிறவன் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும்.