அப்பாவின் புள்ளிகள்: ஒரு எல்க் வேட்டைக்குப் பின்னால் இருக்கும் வரிசை

அமெரிக்க வேட்டைப் பத்திரிகைகளைப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு வகைக் கட்டுரை கண்ணில் பட்டே தீரும். எழுபதை நெருங்கும் அப்பா, நாற்பதைத் தாண்டிய மகன் அல்லது மகள், ராக்கி மலையில் ஒரு வாரம், கடைசியில் ஒரு எல்க். கொஞ்சம் கண்ணீர், கொஞ்சம் பனி, ஒரு பழைய துப்பாக்கி. எனக்கு வேட்டையில் ஆர்வம் கிடையாது. ஆனால் இந்தக் கதைகளை வாசிக்க வாசிக்க ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. மிருகத்தைத் தேடி அலைவது ஐந்தாறு நாள்தான். அதற்கான அனுமதிக்குக் காத்திருந்ததோ பத்து வருஷம், பதினைந்து வருஷம். ஒரு மானைச் சுட எதுக்கு இவ்வளவு பெரிய வரிசை? அந்த வரிசையை யார் போட்டது? அதைத் தேடிப் போனபோது சேர்ந்த குறிப்புகள்தான் இவை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஐரோப்பாவில் எல்க் என்றால், அமெரிக்கர்கள் மூஸ் என்று சொல்லும் அகன்ற கொம்புக்காரன். இலங்கையில் வெள்ளைக்காரத் துரைமார் நம்ம கடமானுக்கு எல்க் என்று பெயர் வைத்தார்கள். நுவரெலியாப் பக்கம் சாமுவேல் பேக்கர் நாய்களை விட்டுத் துரத்திய எல்க், ஈழத்துக்காரர்கள் மரை என்று சொல்லும் அதே மிருகம்தான். வட அமெரிக்க எல்க் இரண்டும் இல்லை. ஷானி மொழியில் அதற்கு வபிட்டி என்று பெயர், வெள்ளைப் பின்புறம் கொண்டது என்று பொருள். ஆண் சர்வசாதாரணமாக 300 கிலோ இருக்கும். இந்த எடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கு.

ஐரோப்பியர்கள் வருவதற்கு முன் வட அமெரிக்காவில் சுமார் 1 கோடி எல்க் இருந்திருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஒரு லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. சுரங்க முகாம்களுக்கு இறைச்சி, சந்தைக்குத் தோல், மேய்ச்சல் நிலத்துக்கு மாடுகள். இவற்றோடு ஒரு பல்லும் சேர்ந்துகொண்டது.

எல்க்கின் மேல்தாடையில் இரண்டு கோரைப்பற்கள் உண்டு. தேய்த்து மெருகேற்றினால் தந்தம் மாதிரி மின்னும். க்ரோ, லகோட்டா போன்ற சமவெளி மக்களின் பெண்கள் இந்தப் பற்களைச் சட்டையில் வரிசையாகத் தைத்துக்கொள்வார்கள். ஒரு மிருகத்துக்கு இரண்டே பல் என்பதால், 300 பல் தைத்த சட்டை என்றால் குறைந்தது 150 எல்க். ஒரு ஆளால் ஒரு சீசனில் ஆகிற காரியமில்லை. அப்பாவும் மாமனும் அண்ணனும் வருஷக்கணக்கில் வேட்டையாடியதன் கணக்குப் புத்தகம் என்றே அந்தச் சட்டையைச் சொல்லலாம். 1868இல் நியூயார்க்கில் தொடங்கிய எல்க்ஸ் என்ற சகோதரத்துவச் சங்கத்தின் உறுப்பினர்கள் பிற்பாடு அதே பல்லைக் கடிகாரச் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். பல்லுக்கு விலை ஏறியது. வயோமிங்கில் பல்லை மட்டும் பிடுங்கிக்கொண்டு உடலை அப்படியே போட்டுவிட்டுப் போகும் கூட்டம் ஒன்று முளைத்தது. ஒரே பல்தான். ஒரு பக்கம் குடும்பத்தின் நினைவு, இன்னொரு பக்கம் கடிகார அலங்காரம்.

இனி 1895. அந்த வேட்டைப் பத்திரிகைகளில் நான் ஒருபோதும் பார்க்காத வருஷம் அது, ஆனால் இந்த வரலாற்றின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

பானக், ஷோஷோனி மக்கள் 1868இல் ஃபோர்ட் பிரிட்ஜரில் அமெரிக்க அரசோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். குடியேற்றம் நடக்காத அரசு நிலங்களில் அவர்கள் தொடர்ந்து வேட்டையாடலாம் என்பது அதில் ஒரு ஷரத்து. அவர்கள் வேட்டைக்குப் போவது குடும்பத்தோடு. பெண்கள், கைக்குழந்தைகள், வயசானவர்கள் எல்லோரும் போவார்கள். இறைச்சியை அங்கேயே காயவைத்து, தோலைப் பதப்படுத்திக் குளிர்காலத்துக்குக் கொண்டுவருவார்கள். இதற்குள் ஜாக்சன் ஹோல் பள்ளத்தாக்கில் குடியேறிய வெள்ளையர்கள் கிழக்கிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வரும் பணக்கார வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டிப் பணம் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்கு எல்க் என்பது சரக்கு. 1895 ஜூலையில், மாநில வேட்டைச் சட்டத்தை மீறியதாகச் சொல்லி ஒரு பானக் கூட்டத்தைக் குடும்பத்தோடு கைதுசெய்து ஓட்டிப்போனார்கள். வழியில் அவர்கள் காட்டுக்குள் தப்பி ஓட, பின்னாலிருந்து சுட்டார்கள். வயசான ஒருவர் செத்துப்போனார்.

வயசான பெரியவரைக் குடும்பத்தோடு எல்க் வேட்டைக்குக் கூட்டிப்போவது அமெரிக்காவில் புதுசாகக் கண்டுபிடித்த பாசம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். அது அங்கே பழைய வழக்கம். 1895இல் அது குற்றமாக்கப்பட்டது.

விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. ஏழு எல்க்குகளைச் சுட்டதாக ரேஸ் ஹார்ஸ் என்ற பானக்காரர் மீது வழக்கு. 1896இல் உச்ச நீதிமன்றம், வயோமிங் மாநிலமானதோடு ஒப்பந்த உரிமை காலாவதியாகிவிட்டது என்று தீர்ப்பளித்தது. அதே 1896இல் கீர் என்பவருக்கும் கனெக்டிகட் மாநிலத்துக்கும் நடந்த இன்னொரு வழக்கில், காட்டு உயிர்கள் தனியார் சொத்து அல்ல, மக்கள் சார்பில் மாநிலத்தின் பொறுப்பில் இருப்பவை என்று அதே நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு 1979இல் ரத்தானாலும் அதன் கருத்து இன்றுவரை உயிரோடு இருக்கிறது. அமெரிக்க வனவிலங்குப் பாதுகாப்பை எழுதுகிறவர்கள் கீர் வழக்கைப் பெருமையாகச் சொல்வார்கள். ரேஸ் ஹார்ஸைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கணும் என்பது என் கட்சி. எல்க் பொதுச்சொத்தானது, ஏற்கெனவே அதில் பங்கு வைத்திருந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு.

அதே நேரம், அந்த ஏற்பாடு எல்க்கைக் காப்பாற்றியது என்பதையும் மறைக்கக் கூடாது. யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் வேட்டை தடையானதால் அங்கே ஒரு பெரிய கூட்டம் தப்பிப் பிழைத்தது. ஜாக்சன் ஹோலில் பனியில் பட்டினி கிடந்து செத்த எல்க்குகளை ஸ்டீபன் லீக் என்ற பண்ணைக்காரர் படமெடுத்து நாடெங்கும் காட்டினார். 1912இல் அங்கே தேசிய எல்க் புகலிடம் வந்தது. பிறகு யெல்லோஸ்டோன் எல்க்குகள் ரயிலேறின. 1913இல் 83 எல்க் அரிசோனாவில் இறக்கிவிடப்பட்டன. அங்கே சொந்தமாக இருந்த இனம் அதற்குள் அழிந்துபோயிருந்தது. அதே வருஷம் பென்சில்வேனியாவுக்கும் ஒரு கூட்டம் போனது. அங்கே சில வருஷம் வேட்டைக்கு அனுமதி தந்தார்கள், 1931க்குப் பிறகு மூடிவிட்டார்கள். மறுபடி திறந்தது 2001இல், அதுவும் 30 லைசென்ஸ்தான். நடுவில் எழுபது வருஷம். ஒரு மனுஷ ஆயுள் முழுக்கச் சொந்த மாநிலத்தில் எல்க் சுடாமலேயே கழிந்திருக்கும்.

1937இல் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் வந்தது. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி, அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்கு. 1997 தொடங்கி ஐந்தாறு வருஷத்தில் கென்டக்கியின் பழைய நிலக்கரிச் சுரங்க மலைகளில் 1,500க்கும் மேற்பட்ட எல்க்குகளை மேற்கிலிருந்து லாரியில் கொண்டுவந்து விட்டார்கள். இன்று மொத்தத்தில் சுமார் பத்து லட்சம் எல்க் இருக்கும் என்பது கணக்கு. இது சாதாரணக் காரியமில்லை.

ஆனால் மிருகம் பத்து லட்சம், ஆசைப்படுகிறவர்களோ அதைவிட எத்தனையோ மடங்கு. பொதுச்சொத்தை யாருக்குக் கொடுப்பது? காசுக்கு விற்றால் ஐரோப்பியப் பிரபுக்களின் காடு மாதிரி ஆகிவிடும், அதை அமெரிக்கர்கள் விரும்பவில்லை. ஆகவே குலுக்கல். நல்ல பகுதிகளுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் டேக் தருவார்கள். டேக் என்பது சுட்ட மிருகத்தோடு இணைக்கவேண்டிய அனுமதிச் சீட்டு, ஒரு சீட்டுக்கு ஒரு மிருகம். குலுக்கலில் வருஷா வருஷம் தோற்றவர்கள் முணுமுணுத்தார்கள். அதற்குப் பதிலாக வந்ததுதான் புள்ளி. தோற்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு புள்ளி. புள்ளி கூடினால் முன்னுரிமை, அல்லது குலுக்கலில் கூடுதல் வாய்ப்பு. ஐடஹோவும் நியூ மெக்சிகோவும் இந்த வழிக்கே போகவில்லை, எல்க்குக்கு இன்றும் வெறும் குலுக்கல்தான். கொலராடோ, வயோமிங், அரிசோனா எல்லாம் ஒவ்வொரு விதமாகப் புள்ளிக்குப் போயின.

பார்க்க நியாயமாகத்தான் இருக்கு. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு பகுதிக்கு வருஷத்துக்கு 50 டேக். உங்களுக்கு முன்னால் ஆயிரம் பேர் வரிசையில். இருபது வருஷம் ஆகும். இருபத்தைந்து வயசில் சேர்ந்தவருக்கு நாற்பத்தைந்தில் கிடைக்கும், சந்தோஷம். ஐம்பத்தைந்தில், கடன் எல்லாம் அடைத்து, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு சேர்ந்தவருக்கு எழுபத்தைந்தில் கிடைக்கும். பணத்தை விலையாக வைக்க மறுத்த ஏற்பாடு, வருஷத்தை விலையாக வைத்தது. வருஷம் எல்லோரிடமும் ஒரே அளவில் இல்லை. (பணத்துக்கும் கதவு இல்லாமலில்லை. நியூ மெக்சிகோவில் நில உரிமையாளர்களுக்குத் தரப்படும் அனுமதிகள் வெளிச்சந்தையில் ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோகின்றன.)

எழுபத்தைந்தில் டேக் வந்தால் என்ன ஆகும்? இங்கேதான் அந்த 300 கிலோ. சுடுவது ஒரு நொடி. எலும்பை நீக்கினாலே 100 கிலோ அளவுக்கு இறைச்சி, கூடவே தலையும் கொம்பும். இடமோ 2,500, 3,000 மீட்டர் உயரம், வண்டிப் பாதை பல கிலோமீட்டர் தள்ளி. உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வந்தால் பெரும்பாலான மாநிலங்களில் குற்றம். நான்கைந்து நடை முதுகில் சுமக்கணும், இல்லையென்றால் குதிரை வேணும். அதனால் வயசானவருக்கு எல்க் டேக் வருவது என்றால், நடைமுறையில், அவருடைய பிள்ளையின் தோளுக்கும் சேர்த்து அழைப்பு வந்திருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று, இதை யாரும் அவ்வளவாக எழுதுவதில்லை. செப்டம்பரில் ஆண் எல்க் எழுப்பும் கூவல் பெரிய உடம்புக்குப் பொருந்தாத கீச்சு விசில். அதன் சுருதி 2,000 ஹெர்ட்ஸைத் தாண்டிப் போகும். வயசானால் காது முதலில் கைவிடுவது உயர்ந்த சுருதிகளைத்தான். ஆயுள் முழுக்கத் துப்பாக்கி வெடித்த காது என்றால் கேட்கவே வேண்டாம். பள்ளத்தாக்கே அதிரும்படி எல்க் கூவும்போது, அதற்காகவே வந்தவர் ஒன்றும் கேட்காமல் நிற்கலாம். பக்கத்தில் இருக்கிற பிள்ளை கையை நீட்டித் திசை காட்டணும்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? அரிசோனாவில் அப்பாவோ தாத்தாவோ தன் டேக்கை மைனர் பிள்ளைக்கோ பேரனுக்கோ மாற்றிக்கொடுக்கலாம். எழுபது வயது கடந்து, கால் நூற்றாண்டு அங்கேயே குடியிருந்தவருக்கு லைசென்ஸ் இலவசம். பல மாநிலங்களில் உடல் இயலாதவர்கள் நிறுத்திய வண்டியிலிருந்தே சுட அனுமதி வாங்கலாம். அலாஸ்காவில் 65 வயது கடந்த குடியிருப்பாளருக்காக இன்னொருவர் மூஸையோ கரிபுவையோ வேட்டையாடிக் கொண்டுவரலாம். பெரியவர் வீட்டிலிருக்க, இறைச்சி வாசலுக்கு வரும். நல்ல சட்டம்தான். ஆனால் மலையைப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு அது பதில் இல்லை.

ரேஸ் ஹார்ஸ் வழக்குக்கும் ஒரு தொடர்ச்சி உண்டு. 2014இல் க்ளேவின் ஹெரேரா என்ற க்ரோ இனத்தவர், மொன்டானாவிலிருந்து எல்லை தாண்டி வயோமிங்கின் பிக்ஹார்ன் தேசிய வனத்துக்குள் எல்க்குகளைப் பின்தொடர்ந்து போய்ச் சுட்டு, இறைச்சியை ஊருக்குக் கொண்டுவந்தார். வழக்குப் போட்டார்கள். 2019இல் உச்ச நீதிமன்றம், மாநிலமானதால் மட்டும் 1868 ஒப்பந்த உரிமை அழிந்துவிடாது என்று 5-4 என்ற கணக்கில் சொன்னது. 123 வருஷம் கழித்து. ஆனாலும் வழக்கு மறுபடி வயோமிங் நீதிமன்றங்களுக்கே திரும்பியது. அதுவும் ஒரு வரிசைதான்.

கடைசியாக வயோமிங்கின் ஒரு விதி. வெளிமாநிலத்தவர் எல்க்குக்கு அங்கே 2006 முதல் புள்ளி சேர்க்கிறார்கள். ஆறு பேர் வரை சேர்ந்து ஒரே குழுவாக விண்ணப்பிக்கலாம், அப்போது எல்லோருடைய புள்ளிக்கும் சராசரி எடுப்பார்கள். (கொலராடோவில் குழுவிலேயே குறைந்த புள்ளிதான் கணக்கு.) மகனிடம் 12 புள்ளி, அறுபத்தெட்டு வயசில் புதுசாகச் சேரும் அப்பாவிடம் பூஜ்யம் என்றால் இருவரும் ஆறு புள்ளிக்காரர்கள். டேக் விழுந்தால் இருவர் கணக்கும் மறுபடி பூஜ்யம். பன்னிரண்டு வருஷக் காத்திருப்பை மகன் இரண்டாகப் பிரித்துச் செலவு செய்துவிடுகிறார். அந்தப் பத்திரிகைக் கதைகளில் இந்தக் கணக்கு ஒரு வரியில் வந்து போகும், பல சமயம் வராது.

புள்ளியை உயில் எழுதி வைக்க முடியாது. தொடர்ந்து இரண்டு வருஷம் விண்ணப்பிக்காமலும் புள்ளி வாங்காமலும் விட்டால் சேர்த்தது அத்தனையும் தானாகவே அழிந்துவிடும். அப்பா போய்விட்டார் என்று அலுவலகத்துக்கு யாரும் கடிதம் எழுதவேண்டிய அவசியம்கூட இல்லை.