அமெரிக்காவில் லாரி ஓட்டுநர் பெர்மிட்: எழுத்துத் தேர்வுக்குப் படிப்பதும் ஓர் அமானிதமே

அமெரிக்காவில் குடியேறிய நம் சமுதாயக் குடும்பங்களில் சிலர் கனரக லாரி ஓட்டும் தொழிலைப் பற்றி விசாரிக்கிறார்கள். கல்லூரிப் பட்டம் தேவையில்லை. உழைப்புக்கேற்ற கூலி கிடைக்கும். சரக்கு ஹலாலாக இருந்தால் சம்பாத்தியமும் ஹலால். ஆனால் ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன்பே எழுத்துத் தேர்வு ஒன்று நிற்கிறது. "கேள்வி பதிலை அப்படியே மனப்பாடம் செய்தால் போதும்" என்று சொல்பவர்களும் உண்டு. அது சரியா என்பதையும், தேர்வுக்கு எப்படித் தயாராவது என்பதையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

பெர்மிட் என்றால் என்ன?

அமெரிக்காவில் கனரக வாகனம் ஓட்டுவதற்கான உரிமத்தை சி.டி.எல். என்பார்கள். அதற்கு முன் வாங்க வேண்டியது சி.எல்.பி. எனப்படும் பெர்மிட். நம்மூர் எல்.எல்.ஆர். போன்றது. உரிமத்தில் மூன்று வகுப்புகள் உள்ளன. மொத்த எடை வரம்பு 26,001 பவுண்டும் அதற்கு மேலும் இருந்து, பின்னால் இழுக்கப்படும் ட்ரெய்லரின் எடை வரம்பு 10,000 பவுண்டைத் தாண்டினால் 'ஏ' வகுப்பு. அதே எடையுள்ள ஒற்றை வாகனம் 'பி' வகுப்பு. ஓட்டுநரையும் சேர்த்து 16 பேரோ அதற்கு மேலோ ஏறக்கூடிய வண்டிகளும், அபாயகரமான சரக்கு ஏற்றும் சிறிய வண்டிகளும் 'சி' வகுப்பு. நீண்டதூர லாரி ஓட்ட விரும்புவோருக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் 'ஏ' வகுப்பு.

18 வயதில் சொந்த மாநிலத்துக்குள் ஓட்டலாம். மாநில எல்லையைத் தாண்ட 21 வயது நிரம்ப வேண்டும். சாதாரண கார் உரிமம் ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடம் உடல் தகுதிச் சான்று பெற வேண்டும். அது அதிகபட்சம் 24 மாதங்களுக்குச் செல்லும். இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளிகளுக்கும் 2018 முதல் நிபந்தனைகளுடன் வழி திறந்திருக்கிறது. எனவே நோயை மறைத்துப் படிவம் நிரப்பத் தேவையில்லை. மறைப்பது பொய் சாட்சியமுமாகும்.

எத்தனை தேர்வுகள்?

'ஏ' வகுப்புக்குப் பொதுவாக மூன்று எழுத்துத் தேர்வுகள். பொது அறிவுத் தேர்வில் பெரும்பாலான மாநிலங்களில் 50 கேள்விகள் வரும். 40 சரியாக இருக்க வேண்டும். ஏர் பிரேக் தேர்வில் 25க்கு 20. ட்ரெய்லர் இணைந்த வாகனங்கள் பற்றிய தேர்வில் 20க்கு 16. தேர்ச்சி மதிப்பெண் 80 சதவீதம் என்பது நாடு முழுவதற்குமான விதி. டேங்கர், பயணிகள் பேருந்து, அபாயகரமான சரக்கு ஆகியவற்றுக்குத் தனித் தேர்வுகள் உண்டு. முதல் மூன்றையும் முடித்துவிட்டு அவற்றைப் பற்றி யோசிப்பது நல்லது.

படிக்க வேண்டிய புத்தகம் ஒன்றே: உங்கள் மாநில உரிம அலுவலகம் வெளியிடும் சி.டி.எல். கையேடு. அலுவலகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். கேள்விகள் அதிலிருந்துதான் வருகின்றன. சில மாநிலங்கள் எழுத்துத் தேர்வை வேறு மொழிகளிலும் நடத்தி வந்தன. ஆனால் மொழிபெயர்ப்பாளரை உடன் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. ஓட்டும் தேர்வு ஆங்கிலத்தில்தான். சாலைப் பலகைகளை வாசிக்கவும் அதிகாரியிடம் பேசவும் போதுமான ஆங்கிலம் இருக்க வேண்டும் என்பது சட்டம். 2025 ஜூன் முதல் அந்தத் தகுதி இல்லாத ஓட்டுநரைச் சாலையிலேயே பணியிலிருந்து நிறுத்துகிறார்கள். ஆகவே தொடக்கத்திலிருந்தே ஆங்கிலக் கையேட்டிலேயே படிப்பது இரட்டை இலாபம்.

படிக்கும் முறை

ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். முதலாவதில் ஆங்கிலச் சொல், இரண்டாவதில் தமிழில் பொருள், மூன்றாவதில் "ஏன்?" என்ற கேள்விக்கு விடை. 'ஃபிஃப்த் வீல்' என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்தால் ஐந்தாவது சக்கரம் என்று குழம்பிப்போவோம். அது சக்கரமே இல்லை. இழுக்கும் வண்டியின் மேல், ட்ரெய்லர் வந்து பூட்டிக்கொள்ளும் இரும்புத் தட்டு. 'கிளாட் ஹேண்ட்' என்பது ட்ரெய்லருக்குக் காற்றைக் கொண்டு செல்லும் குழாய்களின் இணைப்பு. பல வண்டிகளில் வழக்கமான பிரேக்குக்கு நீலமும் அவசரகாலக் குழாய்க்குச் சிவப்பும் அடையாளமாக இருக்கும்.

மூன்றாவது பத்தியே மிக முக்கியம். மணிக்கு 55 மைல் வேகத்தில் போகிற லாரி, காய்ந்த நல்ல சாலையில் நிற்க எவ்வளவு தூரம் ஆகும்? ஆபத்தை மனம் உணர்வதற்குள் வண்டி 142 அடி போய்விடும். கால் பிரேக்குக்கு வருவதற்குள் இன்னும் 61 அடி. பிரேக் பிடித்தபின் 216 அடி. ஆக 419 அடி. ஏர் பிரேக்கில் காற்று குழாய் வழியே சக்கரத்தை அடையச் சற்று நேரம் பிடிப்பதால் மேலும் 32 அடி. மொத்தம் 450 அடிக்கு மேல். ஏறத்தாழ ஏழு கிரிக்கெட் பிட்ச் நீளம். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். சாலை நனைந்திருந்தால் வேகத்தை மூன்றில் ஒரு பங்கும், பனி இறுகிக் கிடந்தால் பாதிக்கு மேலும் குறைக்கச் சொல்கிறது கையேடு.

முன்னால் போகும் வண்டிக்கு எவ்வளவு இடைவெளி? வண்டியின் ஒவ்வொரு 10 அடி நீளத்துக்கும் ஒரு விநாடி. 40 மைலுக்கு மேல் போனால் கூடுதலாக ஒரு விநாடி. 60 அடி லாரி என்றால் குறைந்த வேகத்தில் 6 விநாடி, நெடுஞ்சாலையில் 7 விநாடி. 450 அடியை மனதில் வாங்கியவருக்கு இந்த ஏழு விநாடி மறக்காது.

ஏர் பிரேக்கில் பலர் தடுமாறுவது ஓரிடத்தில். காற்றழுத்தம்தான் பிரேக் பிடிக்க உதவுகிறது. அப்படியானால் காற்று போய்விட்டால் வண்டி நிற்காதே என்று நினைப்பார்கள். ஆனால் பார்க்கிங், அவசர பிரேக்குகளில் வலிமையான ஸ்பிரிங் இருக்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பதே காற்றழுத்தம்தான். அழுத்தம் 20 முதல் 45 பி.எஸ்.ஐ. வரை இறங்கும்போது ஸ்பிரிங் விடுபட்டுத் தானே பிரேக் பிடித்துக்கொள்ளும். அதுவரை காத்திருக்கக் கூடாது; எச்சரிக்கை விளக்கோ ஒலியோ வந்தவுடன் பாதுகாப்பாக ஓரங்கட்ட வேண்டும். இந்த இயக்கம் புரிந்தவருக்குக் கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் விடை வரும்.

மலை இறக்கம், டயர் தேய்மானம், சரக்கைக் கட்டும் முறை ஆகியவற்றையும் இவ்வாறே படியுங்கள். முன் டயரில் 4/32 அங்குலமும் மற்றவற்றில் 2/32 அங்குலமும் பள்ளம் இருக்க வேண்டும். திசை திருப்பும் சக்கரம் வழுக்கினால் வண்டியே கையை விட்டுப் போகும் என்பதால்தான் முன் டயருக்குக் கூடுதல் அளவு. புறப்பட்ட முதல் 50 மைலுக்குள் சரக்கைச் சோதிக்க வேண்டும். பிறகு 150 மைலுக்கு ஒரு முறை அல்லது 3 மணி நேரத்துக்கு ஒரு முறை, எது முந்துகிறதோ அப்போது.

இரவில் குடும்பமே உட்கார்ந்து உதவலாம். மனைவியோ பிள்ளைகளோ கையேட்டிலிருந்து கேட்க, படிப்பவர் ஆங்கிலத்தில் விடை சொல்லி, காரணத்தைத் தமிழில் விளக்கட்டும். விளக்க முடியாத இடமே இன்னும் படிக்க வேண்டிய இடம்.

குறுக்கு வழி பற்றி மார்க்கம்

சரக்குடன் 80,000 பவுண்டு, அதாவது சுமார் 36 டன் வரை எடையுள்ள வண்டி இது. பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதையே ஈமானின் கிளைகளில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். அப்படியிருக்க, நாமே பாதையின் ஆபத்தாகலாமா? காசு கொடுத்து விடைத்தாள் வாங்குவதும் ஆள்மாறாட்டம் செய்வதும் மோசடி, மோசடி ஹராம். உரிமத்தில் மோசடி செய்ததாக நீதிமன்றத்தில் நிரூபணமானால் உரிமம் பறிக்கப்படும். குறைந்தது ஓராண்டுக்குப் புதிதாக விண்ணப்பிக்கவும் முடியாது. மாதிரிக் கேள்விகளைப் பயிற்சிக்குப் பயன்படுத்துவதில் தவறில்லை. அறியாததை அறிந்ததாகக் காட்டி உரிமம் பெறுவதே தவறு. அந்த உரிமத்தை நம்பித்தான் பக்கத்துக் காரில் ஒரு குடும்பம் நிம்மதியாகப் போகிறது. அந்த நம்பிக்கை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

பெர்மிட்டுக்குப் பின்

பெர்மிட் கிடைத்து 14 நாட்கள் கழிந்த பிறகே ஓட்டும் தேர்வுக்குப் போகலாம். அதுவரை உரிமம் பெற்றவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே ஓட்டலாம். 2022 பிப்ரவரி 7 முதல், அரசுப் பதிவேட்டில் உள்ள பயிற்சி நிலையத்தில் பயிற்சி பெறுவது கட்டாயம். சில நிறுவனங்கள் பயிற்சிச் செலவை ஏற்று, குறிப்பிட்ட காலம் தங்களிடமே வேலை செய்ய ஒப்பந்தம் வாங்கும். இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும், அதில் வட்டி உண்டா என்று வாசித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

மதுவோ பன்றி இறைச்சியோ ஏற்ற மாட்டேன் என்பதை வேலைக்குச் சேரும்போதே எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது. மது ஏற்ற மறுத்ததால் வேலை நீக்கப்பட்ட இரு முஸ்லிம் ஓட்டுநர்களுக்கு இலினாய் மாநிலத்தில் 2015ஆம் ஆண்டு நடுவர் குழு 2,40,000 டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. நிறுவனத்துக்குப் பெருஞ்சுமை ஆகாதவரை ஊழியரின் மத நம்பிக்கைக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

தொழுகைக்கும் வழி இருக்கிறது. 8 மணி நேரம் ஓட்டினால் 30 நிமிட இடைவேளை கட்டாயம். பயணத்தில் கஸ்ர் செய்யும் சலுகை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் சேர்த்துத் தொழவும் இடமுண்டு. ஹனஃபி சகோதரர்கள் தங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளவும். நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தித் தொழாமல் லாரி நிறுத்துமிடங்களில் தொழுவதே பாதுகாப்பு.

ஊரிலுள்ள குடும்பங்களுக்கு

"அமெரிக்காவில் லாரி ஓட்டுநர் வேலை, விசா தயார்" என்று யாராவது பணம் கேட்டால் நகையை அடகு வைக்காதீர்கள். வணிக லாரி ஓட்டுநர்களுக்கான வேலை விசா வழங்குவதை நிறுத்திவைப்பதாக 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு அறிவித்தது. கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவருக்கு இந்த உரிமம் வழங்கும் விதிகளை இறுக்கும் நடவடிக்கை அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கி, நீதிமன்றம் வரை சென்றது. அங்கேயே சட்டப்படி வசிப்பவரும், பயிற்சி நிலையத்தில் பணம் கட்டும் முன், தம் குடியுரிமை நிலைக்கு உரிமம் கிடைக்குமா என்று மாநில அலுவலகத்தில் நேரடியாகக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

படித்து, புரிந்து, நேர்மையாகத் தேர்வு எழுதி, ஹலாலான ரிஸ்க்கைத் தேடும் சகோதரர்களின் பயணங்களை அல்லாஹ் பாதுகாப்பானாக. அவர்களால் சாலையில் எவருக்கும் தீங்கு நேராமலும் காப்பானாக. ஆமீன்.