யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியாரும் வியாகுலப் பிரசங்கமும்

1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் அளிப்போருக்கு மரண தண்டனை என்ற கட்டளையும் அவ்வாண்டிலேயே பிறந்தது. குருமார் நாடு கடத்தப்பட்டனர், ஆலயங்கள் கைமாறின, மக்கள் மேய்ப்பரின்றித் தவித்தனர்.

அவர்களைத் தேடி 1687 இல் யோசே வாஸ் முனிவர் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்தார். 1705 இல் அவருக்குத் துணையாக வந்தவரே யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார். 1676 இல் கோவாவின் திவார் தீவிற் பிறந்த அவருக்குத் தமிழும் சிங்களமும் தாய்மொழிகளல்ல. ஆயினும் இரண்டிலும் நூலியற்றும் புலமையை அவர் தேடிக்கொண்டார்.

இதற்குக் காரணம் புலமைப் பெருமையன்று. குருமார் சிலரே, ஊர்களோ பல. குரு ஒருவர் ஒரு பொழுதில் ஓரிடத்திலேதான் நிற்கக்கூடும். அவர் எழுதிய ஏடோ பல ஊர்களில் ஒருங்கே பேசும். ஒல்லாந்தரிடம் அச்சுக்கூடம் இருந்தது. சுவாமியாருக்கோ எழுத்தாணி பிடித்துப் படியெடுப்போரின் கைகளே துணை. குருவைக் காணாத ஊர்களில் மூப்பரும் அண்ணாவிமாரும் செபங்களை நடத்திச் சபையைக் காத்துவந்தனர். அத்தகையோருக்கு இந்நூல்கள் ஊன்றுகோலாயின.

அவற்றுள் கிறிஸ்துநாதரின் பாடுகளை உருக்கமாக உரைப்பது ‘வியாகுலப் பிரசங்கம்’. தபசு காலத்தில் ஒருவர் இராகத்தோடு வாசிக்க, எழுத்தறியாதவரும் கேட்டுக் கண்ணீர் சொரிந்தனர்.

சுவாமியார் 1742 இல் பொலவத்தையில் இறைவனடி சேர்ந்தார். ஒல்லாந்தர் ஆட்சி 1796 இல் முடிந்தது. கட்டளை ஏட்டோடு மறைந்தது. பிரசங்கமோ பிற்காலத்தில் அச்சுவாகனமேறித் தலைமுறைகளின் நாவில் நிலைத்தது.