கண் கடிக்கிறதா, நோகிறதா? கொன்ராக்ற் லென்ஸ் அணிபவர்கள் கவனிக்க வேண்டியவை

2009 ஏப்ரலில் எறிகணைச் சிதறல்கள் என் இரண்டு கண்களையும் தாக்கின. இடது கண்ணின் பார்வை அன்றே போய்விட்டது. வலது கண்ணின் கருவிழிக் காயத்தைத் தைத்தார்கள். காயம் ஆறினாலும் தழும்பு நின்றுவிட்டது. தழும்பினால் கருவிழியின் மேற்பரப்பு மேடுபள்ளமானால் சாதாரண கண்ணாடியால் பார்வையைச் சரிப்படுத்துவது கடினம். கடினமான கொன்ராக்ற் லென்ஸ் அதன்மேல் சீரான புதிய மேற்பரப்பாக இருந்து பார்வையைத் தெளிவாக்கும். நான் லென்ஸ் அணிவது அதற்காகத்தான். அது இல்லாமல் மாணவர்களின் கொப்பிகளைத் திருத்த என்னால் முடியாது.

சில வருடங்களுக்கு முன் சோளகக் காற்றுக் காலத்தில் கண் கடிக்கத் தொடங்கியது. தவணைப் பரீட்சை நேரம் என்பதால் லென்ஸைக் கழற்றாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டே வேலை செய்தேன். அயலவர் ஒருவர் சொன்ன துளிமருந்தைக் கடையில் வாங்கி விட்டேன். இரண்டு நாளில் சிவப்பு மறைந்தது. மருந்தை நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகத் திரும்பியது. காலையில் நூல்போலப் பீளை வந்தது. லென்ஸ் இடம் நழுவியது.

கண் வைத்திய நிபுணர் மேல் இமையைப் புரட்டிப் பார்த்தார். உட்புறம் முழுவதும் சிறு கற்களைப் பரப்பியதுபோல் புடைப்புகள் இருந்தன. கண்ணீரிலுள்ள புரதம் லென்ஸில் படிகிறது. அந்தப் படிவுக்கு உடல் காட்டும் ஒவ்வாமையும், கண் சிமிட்டும்போது லென்ஸ் இமையில் உரசுவதும் சேர்ந்து இந்தப் புடைப்புகளை உண்டாக்குகின்றன என்று விளக்கினார். நான் வாங்கிய துளிமருந்து ஸ்டீரொய்ட் வகை. வைத்தியரின் கண்காணிப்பின்றித் தொடர்ந்து விட்டால் அது கண் அழுத்தத்தைக் கூட்டி நரம்பைப் பாதிக்கலாம், கண்புரையையும் உண்டாக்கலாம்.

வேறுபாட்டை அறிவது எப்படி?

ஒவ்வாமையின் முதல் அடையாளம் கடி. பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வரும். கண்ணீர் வடியும், இமை வீங்கும், தும்மலும் சேர்ந்து வரலாம். இது தொல்லைதான், ஆனால் கட்டுப்படுத்தக்கூடியது.

கிருமித்தொற்று வேறு. நோவு, வெளிச்சத்தைப் பார்க்கக் கூச்சம், பார்வை மங்குதல், மஞ்சள் அல்லது பச்சைப் பீளை, கருவிழியில் வெள்ளைப் புள்ளி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே லென்ஸைக் கழற்றுங்கள். அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நாளை பார்ப்போம் என்று விடாதீர்கள். லென்ஸையும் அதன் பெட்டியையும் எறியாமல் கொண்டுசெல்லுங்கள். கிருமியைக் கண்டறிய அவை உதவலாம்.

கடி வந்தால் செய்ய வேண்டியவை

முதல் வேலை லென்ஸைக் கழற்றுவது. சிவந்த கண்ணில் லென்ஸ் கூடாது.

சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமையின்மேல் சில நிமிடங்கள் வையுங்கள். கசக்க வேண்டாம். கசக்கினால் கடி இன்னும் கூடும். நீண்டகாலம் கசக்குவது கருவிழியின் வடிவத்தையே கெடுக்கலாம்.

பாதுகாப்புப் பதார்த்தம் சேர்க்காத செயற்கைக் கண்ணீர்த் துளிகள் தூசியைக் கழுவிவிடும். கடிக்கு கீட்டோடிபென், ஒலோபடாடின் போன்ற ஒவ்வாமைத் துளிமருந்துகளை வைத்தியர் எழுதித் தருவார். இவற்றை லென்ஸ் அணிந்த கண்ணில் விடக்கூடாது. லென்ஸ் போட முன்னர் விட்டு, குறைந்தது 15 நிமிடங்கள் பொறுத்திருங்கள். பல துளிமருந்துகளில் உள்ள பாதுகாப்புப் பதார்த்தத்தை மென்மையான லென்ஸ் உறிஞ்சி வைத்திருந்து கண்ணை உறுத்தும்.

மென்மையான லென்ஸ் அணிபவர்களுக்கு ஒவ்வாமை இருந்தால், ஒருநாள் அணிந்துவிட்டு எறியும் வகை நல்லது. செலவு கூடினாலும் புரதம் படிய நேரம் இருக்காது. மற்ற வகைகளை ஒவ்வொரு நாளும் அதற்குரிய திரவத்தால் தேய்த்துக் கழுவ வேண்டும். பெட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். புதிய திரவத்துக்கு மாறிய பின் கடி தொடங்கினால் அந்தத் திரவமே காரணமாக இருக்கலாம்.

கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், கொதித்தாறிய தண்ணீர் எதுவும் லென்ஸில் படக்கூடாது. தண்ணீரில் வாழும் அக்கந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியில் தொற்றினால் பார்வையையே பறிக்கக்கூடும். குளிக்கும்போது லென்ஸைக் கழற்றிவிடுங்கள். நந்தியாவட்டைப் பூச்சாறும் தாய்ப்பாலும் கண்ணில் விடுவதற்கல்ல.

தலையணை உறை, படுக்கை விரிப்புகளைக் கிழமைக்கு ஒருமுறை சுடுநீரில் தோய்த்து வெயிலில் காயவிடுங்கள். வீடு கூட்டும்போதும் மோட்டார் சைக்கிளில் போகும்போதும் கண்ணாடி அணியுங்கள். ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவர்கள் லென்ஸ் போட்டிருந்தாலும் அதற்கு மேலால் பொலிகாபனேற் கண்ணாடி அணிவது பாதுகாப்பு.

போரில் கண்ணில் காயப்பட்டவர்களுக்கு

செயற்கைக் கண் பொருத்தியவர்களுக்கும் இதே இமைப் புடைப்பு வரலாம். கடியும் பீளையும் கூடினால் செயற்கைக் கண்ணை மெருகிடவோ மாற்றவோ வேண்டியிருக்கும்.

இன்னொன்று முக்கியமானது. ஒரு கண் ஊடுருவிக் காயப்பட்டிருந்தால், அரிதாக, பல வருடங்கள் கழித்தும் மற்றக் கண்ணில் அழற்சி வரலாம். நல்ல கண் சிவந்து, வெளிச்சம் கூசி, பார்வை மங்கினால் அதை ஒவ்வாமை என்று நினைத்து இருந்துவிடாதீர்கள். பழைய காயத்தைப் பற்றி வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். புதிதாகப் பார்ப்பவருக்கு அது தெரியாமல் போகலாம்.

நான் மூன்று கிழமை லென்ஸ் இல்லாமல் இருந்தேன். அக்காவின் மகள் விடைகளை வாசிக்க வாசிக்க நான் புள்ளி சொன்னேன். புடைப்புகள் அடங்கிய பின் புதிய லென்ஸ் தந்தார்கள். இப்போது சோளகம் தொடங்க முன்னரே கிளினிக்குக்குப் போய்விடுகிறேன். கண் சிவந்திருக்கும் நாளில் லென்ஸ் பெட்டியைத் திறப்பதில்லை.